புறங்கை மாஸ்டர்

முப்பத்திரண்டு பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் லாரியை யானை என்று சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர். சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு பையன் துதிக்கை மாதிரிக் கையைத் தூக்கிப் பிளிறினான். அவன் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான். எதிரில் வந்தால் நான் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன்.

எங்கள் சாரணர் படையின் நாற்பதாவது ஆண்டு மலருக்கு, பழைய மாஸ்டரான மாமாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இப்போதைய மாஸ்டர் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவன். சரக்கு இறக்கியதும் சீட்டில் கையெழுத்து வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து வேலை. முடியாது என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவரைப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார். அது உண்மைதான். அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்மை.

மாமா லிப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதி அலுவலகங்களின் மொட்டை மாடி மோட்டார் அறைக்குச் சாவி அவரிடம் இருக்கும். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. வீடு நாலாவது மாடி. "ஊரையே தூக்கி மேல வைக்கிறாரு, கட்டின பொண்டாட்டிய மட்டும் படி ஏற விட்டுட்டாரு" என்று அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய துணித் துண்டு, கிரீஸ் கறையோடு. கால் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். அதை உடுத்திக்கொண்டு எண்ணெய் டப்பா பக்கத்தில் உட்கார்ந்தாலும் கால் சட்டையில் ஒரு சொட்டு படாது.

ஓடி நின்ற மோட்டாரில் அவர் புறங்கையைத்தான் வைத்துப் பார்ப்பார். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த உள்ளங்கை காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும், அதற்குச் சூடு தெரியாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டீ டம்ளர், டி.வி. பெட்டி, காய்ச்சல்காரர் நெற்றி, எல்லாவற்றுக்கும் புறங்கை. வெளியே கிளம்பித் தெருமுனை வரை போனபின் அடுப்பு ஞாபகம் வந்தால் நாலு மாடி திரும்பி ஏறி, அடுப்பில் புறங்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அக்கா தெருவில் நின்றபடி கத்தும்: "அடுப்பு எப்பவோ அணைஞ்சுடுச்சு. என் வயிறுதான் எரியுது, அதுல வந்து கைய வைங்க!"

அதனால் படையில் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் புறங்கை மாஸ்டர். அவருக்கும் தெரியும். கோபப்படவில்லை.

வருஷத்துக்கு ஒரு வாரம், கோடை விடுமுறையில், படையைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போவார். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மீதி ஐம்பத்தொரு வாரமும் லிப்டுக்கு எண்ணெய் போடுகிறாரோ என்று நினைக்கத் தோன்றும். கூடாரம், கம்பு, அண்டா, கயிறு எல்லாம் என் லாரியில் போகும். பதினொரு வருஷம் நான்தான் ஓட்டினேன். முதல் நாள் கொண்டுபோய் இறக்குவேன், கடைசி நாள் போய் ஏற்றி வருவேன்.

முகாம் போடுவது ஒரு அம்மாவின் புல்வெளியில். கணவர் இல்லை, மாடுகளும் ஒரு வேலையாளும் உண்டு. பையன்கள் அவரை நிலத்துக்காரம்மா என்பார்கள். அவர் வாடகை எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். கடைசி நாள் எல்லாரும் கிளம்பி நிற்கும்போது அவர் கைத்தடியோடு வருவார். அடுப்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க மூன்று தடவை முயற்சி செய்வார். கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வருஷம் இடம் கிடையாது. பத்தொன்பது வருஷம் அவர் கண்டுபிடிக்கவில்லை.

எப்படி முடியும்? மாமா வேலை அப்படி. முதல் நாள் வந்து இறங்கியதும் அடுப்புப் போடும் இடத்துப் புல்லை வேரோடும் மண்ணோடும் பன்னிரண்டு சதுரமாக வெட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் எண் எழுதிய குச்சி. வேலியோர நிழலில் அந்த எண் வரிசையில் பரப்பி, வாரம் முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள். பையன்கள் பல் தேய்க்க மறந்தாலும் புல்லுக்குத் தண்ணீர் மறக்கக் கூடாது. கடைசி நாள் காலைச் சமையல் முடிந்ததும் நெருப்பை அணைத்து, குழியை மூடி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை புல்லை இருந்த இடத்திலேயே பதிப்பார்கள். பிறகு அந்த அம்மா இல்லை, ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏழு வருஷத்துக்கு முந்தின அந்தக் கடைசி நாளைச் சொல்கிறேன்.

அன்றைக்கு மூன்று மணிக்கு எனக்கு ஒரு வீடு மாற்றும் வேலை இருந்தது. பியானோ இருக்கிற வீடு, நேரத்துக்குப் போயாக வேண்டும். ரோட்டில் நிறுத்தினால் கூடாரத்தையெல்லாம் இருநூறு அடி தூக்கி வர வேண்டும். அதனால் வேலிக் கதவைத் திறந்து லாரியைப் புல்வெளிக்குள் ஓட்டிப்போய்க் கூடாரங்களுக்கு நடுவில் நிறுத்தினேன். முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

மாமா வந்தார். காக்கி உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ப், விசில். சக்கரத் தடத்தைப் பார்த்தார். பையன்கள் கூடினார்கள்.

"மாப்ளே, நான் உன்கிட்ட லாரிதானே கேட்டேன்? நீ யானையைக் கூட்டிட்டு வந்திருக்கியே. கால் வச்ச எடமெல்லாம் குழி."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. பிளிறல்.

"எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு மாமா. ஏத்திட்டு உடனே எடுத்துடுறேன்."

"இப்பவே எடு."

"வீட்டுக்காரங்க காத்துட்டு இருப்பாங்க."

"வீடு எங்கயும் ஓடிடாது. யானைய முதல்ல வெளிய ஓட்டு."

மறுபடியும் சிரிப்பு. நாற்பத்திரண்டு வயது எனக்கு. சொந்த லாரி. பின்னால் எடுத்தேன். என் சக்கரத் தடத்தில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து, சாய்ந்த புல்லை விரலால் சீவி நிமிர்த்தினார்கள், தலை சீவுவது போல. நான் கூடாரக் கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் யாரோ ஒருவன் அடக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருந்தது. சிரித்தார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் கேட்டது.

எல்லாம் ஏற்றி முடியப் பன்னிரண்டரை ஆயிற்று. அடுப்பு மட்டும் பாக்கி. அதை எப்போதும் மாமாவே செய்வார், யாரிடமும் விடமாட்டார். அன்று பார்த்து நிலத்துக்காரம்மா வேலையாளை அனுப்பியிருந்தார். முகாமுக்குக் கொடுத்திருந்த ரப்பர் தண்ணீர்க் குழாயை மாமா கையாலேயே கொண்டுவந்து தரச் சொன்னாராம், ஏதோ கசிகிறது, பார்க்க வேண்டுமாம். மெக்கானிக் என்று தெரிந்தால் யார் விடுகிறார்கள்?

மாமா என்னிடம் வந்தார். "மாப்ளே, அடுப்ப நீ பாத்துக்கிறியா? மூணு வாளி ஊத்து. ஒவ்வொரு வாளிக்கும் நடுவுல அடி வரைக்கும் கிளறு. அப்புறம் சாம்பலுக்குள்ள கைய விட்டுப் பாரு. புறங்கை. அப்புறமாத்தான் மண்ணு, புல்லு."

"தெரியும் மாமா. பதினோரு வருஷமா பாக்குறேன்ல?"

"பாக்குறது வேற, செய்யுறது வேற" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "உன்ன நம்பிப் போறேன்."

இரண்டு வாளி ஊற்றினேன். புஸ் என்று ஆவி வந்தது. மூன்றாவது வாளிக்கு ஓடைக்குப் போக வேண்டும். மணி பார்த்தேன். கம்பால் கிளறினேன், மேலே கருப்பாகச் சேறு மாதிரி இருந்தது. இனி என்ன? கையை விட வேண்டுமென்றால் முட்டி போட வேண்டும். சுற்றிலும் பையன்கள். காலையில் யானை ஆனவன் மத்தியானம் மண்டி போட்டுச் சாம்பலில் கை விடுவதா என்று ஒரு வீம்பு. மண்ணைத் தள்ளினேன். "புல்லைக் கொண்டாங்கடா" என்றேன். அவர்கள் எண் பார்த்துப் பார்த்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று அவர்கள் நம்பினார்கள்.

மாமா திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

"கை வச்சுப் பாத்தியா?"

"பாத்தாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். சட்டென்று பார்வையை எடுக்கவில்லை. சந்தேகப்படுகிறார் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், தண்ணீர் மொண்டு வந்து புல்லின் மேல் ஊற்றினார். இரண்டு நடை போனார்.

பிறகு நிலத்துக்காரம்மா வந்தார். பையன்கள் வேலியோரம் வரிசையாக நின்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். சிலர் வேண்டுமென்றே தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்த அம்மாவை ஏமாற்ற. அவர் கைத்தடியால் தட்டித் தட்டி வந்தார். "இங்க?" இல்லை. "இங்க?" இல்லை. மூன்றாவது தடவை ஐந்தாம் எண் புல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்று யோசித்தார். முப்பத்திரண்டு பேரும் மூச்சு விடவில்லை. "அதோ, அங்க" என்று புல்வெளியில் இருந்த ஒரே மரத்தின் அடியைக் காட்டினார்.

கூச்சல் கிளம்பியது பாருங்கள், மாடெல்லாம் மிரண்டது. "தோத்துட்டேன்பா. அடுத்த வருஷமும் வந்து என்ன ஏமாத்துங்க" என்று சிரித்தார் அந்த அம்மா. இருபதாவது வருஷத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று மாமா தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

பியானோ வீட்டுக்கு நான் நேரத்துக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா போன் செய்தது. "உடனே லாரிய எடுத்துட்டு வா. உங்க மாமா படியிறங்கிட்டு இருக்காரு." அதற்கு மேல் அக்காவுக்கும் தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் மாமா சொன்னார், முகாம் இடத்தில் தரையிலிருந்து புகை வருகிறதாம், தீயணைப்புக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், எங்கே தோண்டுவது என்று தெரியவில்லையாம். ஒன்றரை மணி நேர ரோடு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பாதி வழியில் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்.

"நான் கை வச்சுப் பாத்தேன் மாமா. நல்லா ஜில்லுனுதான் இருந்துச்சு."

"ரோட்டப் பாரு" என்றார்.

லாரியை ரோட்டிலேயே நிறுத்தினேன். உள்ளே நாலு இடத்தில் தோண்டிப் போட்டிருந்தார்கள். புகை மரத்தடியிலிருந்துதான் வந்தது, ஆனால் நெருப்பு அங்கே இல்லை. மண்ணுக்கடியில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போயிருக்கிறது. நெருப்பு கிளம்பிய இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் அவ்வளவு நன்றாக மறைத்திருந்தோம். பத்தொன்பது வருஷம் பையன்கள் பெருமைப்பட்ட கெட்டிக்காரத்தனம், அன்றைக்கு அந்த அம்மாவைத் தன் நிலத்திலேயே குருடாக்கி வைத்திருந்தது.

மாமா நேராக வேலிக்குப் போனார். ஏழாவது கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று, பதினாலு காலடி நடந்தார். முட்டி போட்டார். புல்லின் மேல் புறங்கையை வைத்தார்.

"இங்க" என்றார்.

தோண்டினால், மேலே பச்சைப் புல், கீழே செக்கச்செவேல் என்று கங்கு. அணைத்துவிட்டார்கள். ஆனால் மரம் போய்விட்டது. அடிவேர் வெந்து, சாயந்தரத்துக்குள் சாய்ந்துவிடும் என்று வெட்டச் சொல்லிவிட்டார்கள். கோடையில் அந்த அம்மாவின் மாடுகளுக்கு இருந்த ஒரே நிழல் அது.

அந்த அம்மா திட்டவில்லை. "கை வச்சுப் பாத்துட்டுத்தானே மூடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்தது நான்தாம்மா" என்றார் மாமா. "தப்பா பாத்துட்டேன்."

நான் வேலிக்கு வெளியே, லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது அடி தூரம் இருக்கும். காதில் தெளிவாக விழுந்தது. ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை.

"இனிமே வேணாம்பா" என்றார் அந்த அம்மா.

அடுத்த வாரமே மாமா விசிலையும் சாவிக்கொத்தையும் ஸ்கார்பையும் கொண்டுபோய்ப் படைக் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டார். ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்: தப்பாப் பாத்துட்டேன். இப்போது முகாம் சிமெண்டு அடுப்பு கட்டிய பொது இடத்தில் நடக்கிறது. புல் வெட்ட வேண்டியதில்லை, எண் குச்சி வேண்டியதில்லை. அதற்கும் நான்தான் லாரி ஓட்டுகிறேன். கோடை வந்தால் அந்த ஒரு வாரம் மாமா பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பார் என்று அக்கா சொல்லும். நான் அந்த வாரம் அங்கே போகமாட்டேன்.

இந்த ஏழு வருஷமும் நான் பிடித்துக்கொண்டிருந்தது யானையைத்தான். அவர் என்னை அவமானப்படுத்தினார், அதனால்தான் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது. அதைக் கீழே வைத்தால் கையில் வேறொன்று வந்துவிடும்.

இந்த வருஷம் மாமாவுக்கு நெஞ்சு வலி. நாலு மாடியிலிருந்து நாற்காலியில் வைத்து நானும் ஆஸ்பத்திரி ஆளும் தூக்கி இறக்கினோம். மூச்சு முட்டுகிற நேரத்திலும், "மாப்ளே, ரெண்டாவது மாடியில நிக்காத, நீதான் இப்ப என் லிப்ட், ரிப்பேருன்னு நெனைச்சுக்குவாங்க" என்றார். ஆஸ்பத்திரி ஆள் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா திடீரென்று சொன்னது: "உன் கை சுத்தமா இருந்துச்சாம்டா."

"என்ன கை?"

"அன்னைக்கு. முகாம்ல. கை வச்சுப் பாத்தேன்னு சொன்னியாமே, விரல்ல ஒரு பொட்டு சாம்பல் இல்லையாம். அப்பவே தெரியும் அவருக்கு."

நான் என் விரல்களைப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "தெரிஞ்சும் ஏன்க்கா விட்டாரு? தோண்டிப் பாத்திருக்கலாமே?"

"தோண்டியிருந்தா புள்ளைங்க முன்னாடி நீ பொய் சொன்னது தெரிஞ்சிருக்கும்ல. காலையிலதான் யானை அது இதுன்னு உன்னக் கேலி பண்ணிட்டாராம். உன் மூஞ்சியப் பாத்ததும் அவருக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சாம். ஒரே நாள்ல ரெண்டு தடவ வேணாம்னு, மேல மட்டும் தண்ணி ஊத்திட்டு விட்டுட்டாரு. 'பாத்தது நான்தான், தெரிஞ்சே விட்டேன்'னு எத்தன தடவ சொல்லிப் புலம்பியிருக்காரு தெரியுமா?"

"நீ ஏன் இத்தன நாளா என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீயா சொல்லுவேன்னு அவர் காத்துட்டு இருந்தாருடா."

நான் வார்டுக்குள் போனேன். கையில் டீ. ஜன்னல் வழியாக வெயில் அவர் போர்வை மேல் விழுந்திருந்தது.

"மாமா, அன்னைக்கு நான்..."

"தெரியும்."

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டேனே. நீதான் பாத்தாச்சுன்ன." டம்ளரில் புறங்கையை வைத்தார். "ஆறிடுச்சு. வெளியிலயே நின்னு யோசிச்சுட்டு வந்தியா?"

நான் அழுதேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். வேறு டீ வாங்கி வந்தேன்.

அது செவ்வாய்க்கிழமை. அப்போதுதான் அவர் என்னிடம் ஒரு வேலை சொன்னார். புதன்கிழமை எனக்கு ஒரு சரக்கு இருந்தது. சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை அவர் போய்விட்டார்.

அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. நான் இன்னும் போகவில்லை. இரண்டு தடவை பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். இந்த மலரில் ஒரு பிரதி நிலத்துக்காரம்மாவுக்கும் தபாலில் போகும் என்று மாஸ்டர் சொன்னார். போகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதினேன். தபால்காரருக்கு முன்னால் நான் போய் அந்த அம்மா முன் நிற்க வேண்டும்.

மாமா சொன்ன வேலை இதுதான்.

"மாப்ளே, அந்தப் புல்வெளிக்கு ஒரு தடவ போயிட்டு வா. ஏழாவது கம்பத்துல இருந்து பதினாலு காலடி. புல்லு ஒண்ணா சேந்துடுச்சான்னு பாரு. நின்னுட்டே பாத்துட்டு வந்துடாத. குனிஞ்சு, கைய வச்சுப் பாரு."

"சரி மாமா."

கதவு வரை வந்தேன். மறுபடி கூப்பிட்டார்.

"லாரிய வேலிக்கு வெளியவே நிறுத்து."